ஹார்மோனிக்ஸ் யார் கணக்கில் சேரும்? அளப்பது பற்றியும் பொறுப்பு பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உங்கள் மின் இணைப்பில் ஹார்மோனிக்ஸ் வரம்பை மீறியிருக்கிறது" என்று ஒரு நோட்டீஸ் வந்ததும் நூற்பாலையின் மின்பிரிவு ஆட்களும் வார்ப்பாலை மேலாளர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பல வருடங்களாக ஆலைகளில் கருவியை மாட்டி அளந்துவரும் வேலையில் இருக்கிறேன். அளவு எடுப்பதில் நடக்கும் தவறுகளையும், எடுத்த அளவை வைத்து ஆளைக் குற்றம் சொல்வதில் நடக்கும் தவறுகளையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

ஹார்மோனிக்ஸ் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ். அதோடு 150, 250, 350 என்று 50-ன் மடங்குகளில் கலந்து வரும் அலைகள்தான் ஹார்மோனிக்ஸ். 250 ஹெர்ட்ஸ் என்றால் 5-வது, 350 என்றால் 7-வது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண 6 பல்ஸ் டிரைவ் 5, 7, 11, 13 ஆகியவற்றை உண்டாக்கும். 12 பல்ஸ் ஆக்கினால் 5-ம் 7-ம் பெரும்பாலும் அடங்கிவிடும். கணினி, எல்.இ.டி. விளக்கு போன்ற சிங்கிள் பேஸ் சாதனங்கள் 3-வதைத் தந்து நியூட்ரலைச் சூடாக்கும். ஆனால் மூன்று பேஸிலும் அது சமமாக இருந்தால், டெல்டா சுற்று உள்ள டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி 11 கே.வி. பக்கம் அது பெரிதாகப் போகாது. ஹெச்.டி. (உயர் அழுத்த) நுகர்வோருக்குத் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் 5-வதுதான்.

எங்கே அளக்க வேண்டும்? டிரைவ் டெர்மினலில் 38% காட்டுகிறதே!

காட்டட்டும். தனி டிரைவின் வாயிலில் கரண்ட் டிஸ்டார்ஷன் (ஹார்மோனிக்ஸால் வரும் அலைச் சிதைவு) 30, 40 சதவீதம் இருப்பது சாதாரணம். வரம்பு அந்த இடத்துக்கானது இல்லை. நீங்களும் மற்ற நுகர்வோரும் ஒரே கம்பியைப் பகிரத் தொடங்கும் இடமான பொது இணைப்புப் புள்ளிக்குத்தான் வரம்பு. 11 கே.வி.யில் சப்ளை வாங்கும் ஆலைக்கு நடைமுறையில் அது அளவீட்டுப் பெட்டி இருக்கும் இடம். மின் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ.யின் 519 என்ற தரநிலை 1981-ல் முதலில் வந்து 1992, 2014, 2022-ல் திருத்தப்பட்டது. அதன் அடிப்படையே இந்தப் புள்ளிதான். உள்ளே ஒவ்வொரு மெஷினையும் அந்த அட்டவணையோடு ஒப்பிட்டு, ஹார்மோனிக்ஸை வடிக்கும் ஃபில்டர் வாங்கச் சொல்பவரிடம் "இது பொது இணைப்புப் புள்ளி அளவா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

டி.எச்.டி., டி.டி.டி. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அபராதம் வரை போகும் வித்தியாசம் இது. டி.எச்.டி. (மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்) என்பது அந்த நேரத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஹார்மோனிக்ஸ் எத்தனை சதவீதம் என்பது. டி.டி.டி. (மொத்த டிமாண்ட் டிஸ்டார்ஷன்) என்பது உங்கள் அதிகபட்ச டிமாண்ட் கரண்டில் எத்தனை சதவீதம் என்பது. பகலில் 200 ஆம்ப் எடுக்கும் ஆலை இரவில் 20 ஆம்ப் எடுக்கிறது, அப்போது ஹார்மோனிக் கரண்ட் 8 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.எச்.டி. 40%. பார்த்தால் பயமாக இருக்கும். டி.டி.டி. கணக்கில் 200-ல் 8, அதாவது 4%. கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பாதிப்பது அந்த 8 ஆம்பியர்தான், 40 என்ற எண் இல்லை. ஐ.இ.இ.இ. 519 கரண்டுக்கு டி.டி.டி.யில்தான் வரம்பு வைத்திருக்கிறது. கையில் வைத்துப் பார்க்கும் கருவிகள் பல முதல் திரையில் டி.எச்.டி.யைக் காட்டும், அதையே ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள்.

சரி, வரம்பு எவ்வளவு?

எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. உங்கள் இணைப்புப் புள்ளியின் ஷார்ட் சர்க்யூட் கரண்டை உங்கள் டிமாண்ட் கரண்டால் வகுத்து வரும் விகிதத்தைப் பொறுத்தது. 69 கே.வி. வரை விகிதம் 20-க்குக் கீழே இருந்தால் டி.டி.டி. 5%, 20 முதல் 50 வரை 8%, 50 முதல் 100 வரை 12%, 100 முதல் 1000 வரை 15%, அதற்கு மேல் 20%. தனித்தனி ஹார்மோனிக்குக்கும் வரம்பு உண்டு. இந்த அளவு சப்ளைக்கு வோல்டேஜ் வரம்பு வேறு: 1 கே.வி.க்கு மேல் 69 கே.வி. வரை மொத்தம் 5%, தனி ஹார்மோனிக் 3%.

ஓர் உதாரணம். 11 கே.வி. புள்ளியில் ஃபால்ட் லெவல், அதாவது எம்.வி.ஏ.வில் சொல்லும் ஷார்ட் சர்க்யூட் அளவு, 150 எம்.வி.ஏ. என்று கொள்வோம். 1,000 கே.வி.ஏ. டிமாண்ட் உள்ள ஆலைக்கு விகிதம் 150, வரம்பு 15%. அதே புள்ளியில் 4,000 கே.வி.ஏ. ஆலைக்கு விகிதம் 37.5, வரம்பு 8%. பெரிய ஆள் அதிகம் கட்டுப்பட வேண்டும் என்பது இதன் நியாயம். இன்னொரு நியாயமும் இதில் இருக்கிறது: கரண்டுக்கு நுகர்வோர் பொறுப்பு, வோல்டேஜுக்கு சப்ளை கொடுப்பவர் பொறுப்பு. உங்கள் புள்ளியின் ஃபால்ட் லெவல் என்ன என்று தெரியாமல் உங்கள் வரம்பை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து நிமிடம் கருவியை மாட்டி எடுத்த அளவு செல்லுமா?

என்னைக் கேட்டால் செல்லாது. ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தரநிலை அமைப்பின் 61000-4-7 முறைப்படி கருவி 50 ஹெர்ட்ஸில் 10 சுழற்சிகளை, அதாவது 200 மில்லி செகண்டை ஒரு துண்டாக எடுத்து அலசும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து 3 செகண்ட் மதிப்பும் 10 நிமிட மதிப்பும் வரும். 519-ன் 2014 பதிப்பிலிருந்து வரம்பு புள்ளியியல் கணக்கில் இருக்கிறது. கரண்டைப் பொறுத்தவரை ஒரு வாரத்து 10 நிமிட மதிப்புகளில் 95% வரம்புக்குள் இருக்க வேண்டும், 99% வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளின் 3 செகண்ட் மதிப்புகளில் 99% இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு வாரம் என்பது சம்பிரதாயத்துக்குச் சொன்னது இல்லை. ஷிஃப்ட் மாறும், ஞாயிறு வரும், பக்கத்து ஃபர்னஸ் ஓடும், நிற்கும். இவ்வளவும் பதிவானால்தான் பொறுப்பு பற்றிப் பேசவே கையில் ஏதாவது இருக்கும்.

அளப்பதில் எங்கே தப்பு நடக்கிறது?

நான் அதிகம் பார்த்தது, கம்பியைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்பில். 11 கே.வி. பக்கம் நேரடியாகக் கிளாம்ப் போட முடியாது, கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியில்தான் போடுவோம். சி.டி. 100/5 என்றால், ஹெச்.டி. பக்கம் 3 ஆம்ப் ஓடும் 5-வது ஹார்மோனிக் செகண்டரியில் வெறும் 0.15 ஆம்ப். அங்கே 1,000 ஆம்ப் கிளாம்பை மாட்டினால் அது காட்டுவது பெரும்பாலும் கருவியின் சொந்த இரைச்சல். 5 ஆம்பியருக்கான சின்னக் கிளாம்ப் வேண்டும்.

இரண்டாவது, வோல்டேஜ். உயர் அழுத்தத்தில் உள்ள கெபாசிட்டிவ் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யப்பட்டது. அதன் வழியே ஹார்மோனிக் வோல்டேஜை அளந்தால் எண் எங்கேயோ போகும். 11 கே.வி.யில் இருக்கும் சாதாரண பி.டி. (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கீழ்வரிசை ஹார்மோனிக்ஸுக்குப் பரவாயில்லை.

மூன்றாவது, அம்புக்குறி. கிளாம்பின் அம்பு லோடைப் பார்த்து இருக்க வேண்டும், பேஸ் வரிசையும் சரியாக இருக்க வேண்டும். அளவு மட்டும் வேண்டுமென்றால் திருப்பிப் போட்டாலும் எண் மாறாது. வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையிலான கோணம் பார்த்துப் பொறுப்பு சொல்லப்போகிறோம் என்றால் ஒரு கிளாம்ப் திரும்பியிருந்தாலே தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் 5-வது கரண்ட் ஓடுகிறதே, அது யாருடையது?

இதற்கு ஒரு நேரடி அனுபவம் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். முழு லோடில் 11 கே.வி. பக்கம் 58 ஆம்ப் எடுக்கும் ஒரு நூற்பாலை. வாரம் முழுக்கப் பதிவு எடுத்தோம். ஞாயிறு காலை மெஷின் எதுவும் ஓடவில்லை, ஆலை முழுக்க அமைதி. ஆனால் எல்.டி. (தாழ்வழுத்த) அறையில் கெபாசிட்டர் பேனல் மட்டும் 'ர்ர்ர்' என்று சுருதி கூடிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் இரண்டு கெபாசிட்டர் டப்பாக்கள் உப்பியிருந்தன. பவர் ஃபாக்டர் விழுந்துவிடும் என்ற பயத்தில் 300 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டரை எப்போதும் போட்டே வைத்திருந்தார்கள்.

ஹெச்.டி. பக்கம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 16 ஆம்ப், கிட்டத்தட்ட எல்லாம் கெபாசிட்டர் கரண்ட். 5-வது 3 ஆம்ப். எல்.டி. வோல்டேஜில் 5-வது 3.8%. நான் கேட்டுக்கொண்டபடி எலக்ட்ரீஷியன் அண்ணன் கெபாசிட்டரை ஒவ்வொன்றாக ஆஃப் செய்தார். கடைசியும் விழுந்ததும் 5-வது கரண்ட் 0.2 ஆம்புக்கு வந்தது. வோல்டேஜில் 5-வது 2.4%-ல் நின்றது. அந்த 2.4% வெளியிலிருந்து வருவது. ஆலையில் அதை உண்டாக்க அப்போது எதுவுமே ஓடவில்லை. கெபாசிட்டர் அதை இழுத்து, டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து 3.8% ஆக்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டி.எச்.டி. 19% என்று எழுதி இந்த ஆலையைக் குற்றவாளி ஆக்கியிருக்கலாம். ஆனால் அந்த 3 ஆம்ப் அவர்கள் கொட்டியது இல்லை, அவர்கள் வாங்கிக்கொண்டது.

அப்படியென்றால் கெபாசிட்டர் வைத்தவர் நிரபராதியா?

முழுக்க நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். கெபாசிட்டரின் எதிர்ப்பு ஃப்ரீக்வென்சி ஏற ஏறக் குறையும். சாதாரண ஹீட்டருக்கு 3% வோல்டேஜ் டிஸ்டார்ஷன் வந்தால் 3% கரண்ட் டிஸ்டார்ஷன்தான் வரும். கெபாசிட்டருக்கு 5-வதில் அது 15%. அத்தோடு டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸ் சேர்ந்தால் ரெசனன்ஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியில் வரும் பெருக்கம். வெளியிலிருந்து வரும் ஹார்மோனிக்கையும் அது இழுத்துக்கொள்ளும், உள்ளே டிரைவ் உண்டாக்குவதையும் பெருக்கும்.

உள்ளே உண்டாவது எந்த ஹார்மோனிக்கில் பெருகும் என்று பார்க்கச் சுலபமான கணக்கு இருக்கிறது: ஷார்ட் சர்க்யூட் எம்.வி.ஏ.வைக் கெபாசிட்டர் எம்.வி.ஏ.ஆர். கொண்டு வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் (ஏ.சி. கரண்டுக்கான மொத்த எதிர்ப்பு) 5% என்றால் ஷார்ட் சர்க்யூட் சுமார் 10 எம்.வி.ஏ. அதில் 400 கே.வி.ஏ.ஆர். போட்டால் 10-ஐ 0.4-ஆல் வகுக்க 25, வர்க்கமூலம் 5. சரியாக 5-வதின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். 200 போட்டால் கிட்டத்தட்ட 7. தானாகச் சேர்ந்து விலகும் ஏ.பி.எஃப்.சி. பேனல் நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும்.

மருந்து, கெபாசிட்டரோடு தொடராக மாட்டும் 7% டிடியூன்டு ரியாக்டர் என்ற சுருள். அது சேர்ந்தால் ரெசனன்ஸ் 189 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், 250-ல் பெருக்கம் இருக்காது. ஒரு எச்சரிக்கை: ரியாக்டர் சேர்ந்ததும் கெபாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏறும். 440 வோல்ட் சப்ளையில் அது 473 ஆகும். பழைய 440 வோல்ட் கெபாசிட்டருக்கு முன்னால் ரியாக்டரை மட்டும் வாங்கி மாட்டினால் சில மாதத்தில் கெபாசிட்டர் போகும்.

ஹார்மோனிக் பவர் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும் என்கிறார்களே?

பல கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. 5-வது பவர் ஆலையிலிருந்து வெளியே போனால் மைனஸ், 'நுகர்வோர்தான் மூலம்' என்று முடிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறையை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்சன் ஷூவும் அவருடைய கூட்டாளிகளும் 2003-ல் ஐ.இ.இ.இ. இதழில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு ஜெனரேட்டர்கள் பாரலலில் ஓடுகின்றன. நிஜ பவர் எதிலிருந்து எதற்குப் போகும்? வோல்டேஜ் அதிகம் உள்ளதிலிருந்து இல்லை, கோணம் முன்னால் இருப்பதிலிருந்து. ஹார்மோனிக்கிலும் அதே கதை. மின்வாரியப் பக்கமும் நுகர்வோர் பக்கமும் இரண்டு 5-வது மூலங்கள் இருந்தால், அவற்றுக்கு இடையிலான கோணம்தான் பவரின் திசையை முடிவு செய்யும். எது பெரியது என்பது அதில் தெரியாது. நாம் கேட்பதோ எது பெரியது என்ற கேள்வியை.

போதாதற்கு, ஹார்மோனிக் ஃப்ரீக்வென்சியில் இண்டக்டன்ஸ்தான் மேலோங்கி நிற்கும். வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையே கோணம் 90 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். அங்கே சி.டி., பி.டி.யின் இரண்டு மூன்று டிகிரிப் பிழை போதும், பிளஸ் மைனஸ் ஆகிவிடும். ஒரே ஆலையில் ஒரே நாளில் இந்தக் குறி பத்து தடவை மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆலையை நிறுத்தி ஒரு அளவு, ஓட்டி ஒரு அளவு எடுத்துக் கழித்தால் போதாதா?

சும்மா எண்ணைக் கழித்தால் போதாது. நிறுத்தியபோது 5-வது வோல்டேஜ் 2.2%, ஓட்டும்போது 2.6% என்றால் ஆலையின் பங்கு 0.4% என்று எழுதிவிடுகிறார்கள். இவை திசையுள்ள அளவுகள். ஆலையின் பங்கு முன்னதோடு ஒரே திசையில் இருந்தால் 0.4. செங்கோணத்தில் சேர்ந்தால் சுமார் 1.4. நேர் எதிராக இருந்தால் 4.8 வரைகூட இருக்கலாம். ஓட்டும்போது 1.8-ஆகக் குறைவதும் உண்டு. அதை வைத்து "எங்கள் ஆலை ஹார்மோனிக்ஸைக் குறைக்கிறது" என்று சொல்லவும் முடியாது. ஆகவே அளவோடு கோணத்தையும் எடுங்கள், 50 ஹெர்ட்ஸ் வோல்டேஜை அடிப்படையாக வைத்து. அப்புறம் வெக்டராகக் கழியுங்கள். அந்த இடைவெளியில் வெளியே எதுவும் மாறியிருக்கக் கூடாது. பல தடவை செய்தால்தான் நம்பலாம்.

அப்போது முறையான வழி என்ன?

இரண்டு பக்கத்தையும் இரண்டு மூலமாக, இரண்டு இம்பீடன்ஸாக வைத்துப் பிரிப்பது. இணைப்புப் புள்ளியில் நாம் அளப்பது இரண்டின் கலவை. ஒவ்வொரு பக்கத்தின் பங்கையும் தனியாக எடுக்க இரு பக்க இம்பீடன்ஸும் வேண்டும். வாரியப் பக்கத்தை ஃபால்ட் லெவலிலிருந்து தோராயமாக எடுக்கலாம், பக்கத்தில் பெரிய கெபாசிட்டர் பேங்க் இருந்தால் அந்தத் தோராயம் தப்பும்.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. நாள் முழுக்க 5-வது வோல்டேஜும் கரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வோல்டேஜில் வந்த மாற்றத்தைக் கரண்டில் வந்த மாற்றத்தால், இரண்டையும் கோணத்தோடு வெக்டராக எடுத்து, வகுத்துப் பாருங்கள். ஆலைக்குள் போகும் கரண்டை பிளஸ் என்று வைத்தால், மாற்றம் ஆலையில் தொடங்கியபோது விடையின் நிஜப் பகுதி (ரெசிஸ்டன்ஸ் பகுதி) மைனஸாக வரும், அந்த அளவு வாரியப் பக்க இம்பீடன்ஸ். வெளியே தொடங்கியபோது பிளஸாக வரும், அது உங்கள் இம்பீடன்ஸ். ஒரு வாரத்து 3 செகண்ட் பதிவில் இப்படி ஆயிரக்கணக்கான மாற்றங்கள் கிடைக்கும்.

ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாமே?

ஐ.இ.சி. 61000-3-6 செய்வது அதுதான். ஒரு பகுதி தாங்கக்கூடிய மொத்த அளவை முதலில் வைத்து, ஒப்பந்த டிமாண்டுக்கு ஏற்பப் பங்கிடுகிறது. எல்லோருடைய ஹார்மோனிக்கும் ஒரே கோணத்தில் சேராது என்பதால் நேர்க் கூட்டலுக்குப் பதில் அடுக்குக் கூட்டல், அதாவது ஒவ்வொன்றையும் ஓர் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி அதே அடுக்கின் மூலம் எடுப்பது: 5-வது ஹார்மோனிக்குக்குக் கீழே அடுக்கு 1, 5 முதல் 10 வரை 1.4, அதற்கு மேல் 2. எனக்கு இந்த அணுகுமுறை பிடிக்கும். சண்டை வந்தபின் பிரிப்பதைவிட இணைப்புக் கொடுக்கும்போதே "உன் பங்கு இவ்வளவு" என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் விதி என்ன சொல்கிறது?

மத்திய மின்சார ஆணையத்தின் 2007 கிரிட் இணைப்பு விதிகள், பின்னால் வந்த திருத்தங்களின்படி, கரண்ட் வரம்புக்கு ஐ.இ.இ.இ. 519-ஐக் காட்டுகின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வழங்கல் விதித்தொகுப்புப்படி, அந்த வரம்பைத் தாண்டும் ஹெச்.டி., ஈ.ஹெச்.டி. (மிக உயர் அழுத்த) நுகர்வோர் தங்கள் கட்டணத்தில் 15% இழப்பீடு கட்ட வேண்டும். வரம்புக்குள் கொண்டுவந்ததும் அது நீங்கும். நுகர்வோர் அல்லது அவருடைய பிரதிநிதி முன்னிலையில்தான் அளக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

15% சின்னத் தொகை இல்லை. மாதம் 40 லட்சம் கட்டும் ஆலைக்கு 6 லட்சம். அவ்வளவு பணம் சம்பந்தப்பட்ட அளவில், வெளியிலிருந்து வருவது எவ்வளவு, உள்ளிருந்து போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நுகர்வோர் கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

ஃபில்டர் போட்ட பிறகு கரண்ட் ஹார்மோனிக்ஸ் கூடியிருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

5-வதுக்கு டியூன் செய்த பாஸிவ் ஃபில்டராக இருந்தால், அவசியம் அப்படி இல்லை. அது 250 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த எதிர்ப்புப் பாதை. உங்கள் டிரைவின் 5-வதை வாங்கிக்கொள்வது போலவே ஃபீடரில் வரும் 5-வதையும் இழுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து வோல்டேஜ் நன்றாகும், உங்கள் மீட்டரில் கரண்ட் கூடும், ஃபில்டரும் சூடாகும். வோல்டேஜையும் சேர்த்துப் பாருங்கள்: ஃபில்டரை ஆன் செய்ததும் 5-வது வோல்டேஜ் இறங்கி, கரண்ட் ஏறினால் நீங்கள் ஊருக்கு உபகாரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதற்கு அபராதம் விதிப்பது அநியாயம். லோடு கரண்டை மட்டும் பார்த்துச் சரிசெய்யும் ஆக்டிவ் ஃபில்டரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, விலைதான் அதிகம்.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

ஃபில்டர் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன் மூன்று காரியம். அளவெடுத்த தேதி, நேரம், சி.டி. விகிதம், கருவி, டி.எச்.டி.யா டி.டி.டி.யா, எத்தனை நேரம் என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். உங்கள் புள்ளியின் ஃபால்ட் லெவலைக் கேளுங்கள். அப்புறம் ஒரு வாரம் நீங்களே பதிவு எடுங்கள், அதில் ஒரு விடுமுறை நாள் கண்டிப்பாக இருக்க வேண்டும், அன்று கெபாசிட்டரை ஒரு மணி நேரம் ஆஃப் செய்தும் பதிவு வேண்டும்.

உங்கள் டிரைவ்கள்தான் காரணம் என்று பதிவு சொன்னால் ஒப்புக்கொண்டு சரிசெய்யுங்கள். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அப்படித்தான் வந்தது, பக்கத்து ஆலையைத் திட்டிக்கொண்டே வந்தவர்கள் உள்பட.

பக்கத்து ஃபர்னஸ்தான் என்று தெரிந்தால்?

நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம், அவர் ஆலைக்குள் அளக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. சப்ஸ்டேஷனில் அந்த ஃபீடரிலும், இரண்டு ஆலைகளின் இணைப்புப் புள்ளிகளிலும் ஒரே நேரத்தில் பதிவு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு எழுதுங்கள். மூன்று கருவிகளின் கடிகாரமும் ஜி.பி.எஸ். நேரத்தோடு பொருந்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோணத்தை ஒப்பிட முடியாது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பதிவை மனுவோடு இணையுங்கள், கெபாசிட்டர் ஆஃப் ஆன நேரத்தைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு.